குண்டூசிக்கு இரண்டு தொண்டை

கத்தலைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். படத்துக்குக் குரல் கொடுக்கிற எங்கள் தொழிலில் உருப்படியான சட்டம் என்று இருப்பது இது ஒன்றுதான். பொம்மைப் படத்துப் பையன் கூரையிலிருந்து விழுவான், நாய் துரத்தும், ஆசிரியை காதைத் திருகுவாள். கதை முழுக்க அலறல் இருக்கும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் பேச்சை எடுப்பார்கள். பிறகு சிரிப்பு, அழுகை, மெல்லுவது, மூச்சு வாங்குவது. எல்லோரும் வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் அலறல். அலறிய தொண்டை அன்றைக்கு வேறு எதற்கும் உதவாது. வெந்நீரைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நான் பத்து வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தபோது இதை எனக்குச் சொல்ல ஆள் இல்லை. காலையிலேயே நிற்கவைத்துக் கத்தச் சொன்னார்கள், கத்தினேன். "பொண்ணு என்னமாக் கத்துது பாரு" என்று பிஸ்கட் கொடுத்தார்கள். வயதுக்கு வருவதற்குள் குரல் கிழிந்து கந்தலாகிவிட்டது. அதனால்தான் எருமை, காக்கா, போலீஸ்காரர், தலைமையாசிரியை என்று என் பிழைப்பு ஓடுகிறது. குறை ஒன்றுமில்லை. எருமைக்கு வசனம் குறைவு, நிம்மதி.

குண்டூசியைத் தெரியாத பிள்ளை அந்த நாட்களில் கிடையாது. இரண்டாயிரம் பிறந்த கையோடு வீட்டுக்கு வீடு கேபிள் வந்து, பிள்ளைகளுக்கென்றே தனிச் சேனல்கள் வந்து, சாயங்காலமானால் தெருவில் பந்து பொறுக்கக்கூட ஆள் இல்லாமல் போன காலம். பொம்மைப் படத்துப் பையன் அவன். குச்சி உடம்பு, பூசணிக்காய்த் தலை, தலையில் நாலே நாலு முடி. அவனை எந்தத் தேசத்தில் வரைந்தார்களோ, எந்தப் பாஷையில் பேசவைத்தார்களோ, யார் கண்டது? எங்களிடம் வரும்போது வாய் மட்டும் அசையும். அந்த வாய்க்குள் நம் பேச்சை நுழைப்பது எங்கள் வேலை. எதையாவது உடைத்துவிட்டு மாட்டிக்கொண்டால், "நான் பண்ணல, என் கைதான் பண்ணுச்சு!" என்பான். அதைச் சொல்லி அடி வாங்காத பிள்ளை எங்கள் பக்கத்தில் இல்லை.

அவனுக்குக் குரல் கொடுத்தவள் என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தாள். நாற்பதை நெருங்குகிறவள், வாசற்படியை நிறைத்துக்கொண்டு வருகிற உடம்பு. அவளுக்கும் தெருவில் குண்டூசி என்றே பெயர். விருந்தாளிப் பிள்ளைகளை யாராவது கூட்டிவந்து, "இவங்கதான் குண்டூசி" என்று காட்டினால் அதுகள் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு அழத் தொடங்கும். அவள் குனிந்து, அவன் குரலில் ரெண்டு வார்த்தை பேசுவாள். அழுகை நின்று வாய் பிளந்துவிடும். அந்தப் பிளந்த வாயைப் பார்க்க அவளுக்கு அத்தனை ஆசை. யாரும் வராத நாளில் அவளே மளிகைக்கடையில் நிற்கிற பிள்ளைகளிடம் போய்ப் பேசிக் காட்டுவாள்.

புருஷன் அச்சகத்தில் வேலை பார்த்தவன். அது மூடியபிறகு அவளுடைய வெந்நீர்க் குப்பியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான். நாளடைவில் தன்னைத்தானே மேனேஜராக நியமித்துக்கொண்டான். ஒரே மகள், பன்னிரண்டு வயது. படிப்பு ஏறவில்லை. இருக்கிற இடம் தெரியாது, அப்படி ஒரு பெண்.

எங்கள் ஸ்டுடியோ முன்பு யாரோ வண்டி நிறுத்தி வைத்திருந்த கொட்டகை. சுவர் முழுக்க முட்டை அட்டைகளையும் பழைய மெத்தைகளையும் அடித்து ஒட்டியிருந்தார்கள். உள்ளே பதிவு நடக்கிற விளக்கு எரிந்தால் மின்விசிறி நிற்க வேண்டும். அதன் சத்தத்தையும் மைக் பிடித்துக்கொள்ளும். வேர்வை கழுத்துவழியே முதுகுக்கு இறங்கும், துடைக்கக் கூடாது, துணி உரசினால் கேட்கும். வளையல், செருப்பு எல்லாம் வெளியே. பசியோடு வந்தால் வயிறு கத்தும், நிறையத் தின்றுவிட்டு வந்தால் ஏப்பம். மேலே தகரக் கூரை என்பதால் மழை வந்தால் எல்லோருக்கும் விடுமுறை. தூறல் விழுந்தவுடன், "வானம் நமக்குச் சாதகமா டப்பிங் பண்ணுது" என்று சொல்லிக்கொண்டு டீ குடிக்கப் போவோம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் டைரக்டர் உட்கார்ந்திருப்பார். நல்ல மனுஷர். ஆனால் டீயா காபியா என்று கேட்டால்கூட "நீங்க என்ன சொல்றீங்க?" என்று நம்மையே கேட்பார்.

அவள் குரல் உடைந்தது ஒரு சாதாரண வசனத்தில்தான். "எனக்குப் பசிக்குதும்மா" என்று குண்டூசி சொல்ல வேண்டும். "எனக்கு" வந்தது, "பசிக்குது" வரவில்லை. வெறும் காற்று. திரும்பச் சொன்னாள், காற்று. சிரித்தாள், அதுவும் காற்றாகவே வந்தது. புருஷன் வெந்நீர்க் குப்பியோடு ஓடிவந்தான்.

டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"கார்ட்டூன்ல சின்னப் பையனுக்குக் குரல் குடுக்குறாங்க," என்றேன்.

"அதான். உள்ள ரெண்டு பக்கமும் காய்ச்சுப் போயிருக்கு. மம்பட்டி புடிக்கிறவன் கை காய்ச்சுப் போற மாதிரி. ஒன்றரை மாசம் பேசக்கூடாது. கிசுகிசுன்னும் பேசக்கூடாது, அது இன்னும் கெடுதி. அதுக்கும் அடங்கலன்னா ஆபரேஷன். பண்ணினப்புறம் எந்தக் குரல் மிஞ்சும்னு நான் சொல்ல முடியாது."

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அழுகைகூடச் சத்தமில்லாமல்தான் வந்தது.

வீடு மாறிப்போனது. கையைத் தட்டினால் கூப்பிடுகிறாள், தட்டைத் தட்டினால் சோறு. "ஊர்ல இருக்கற ஆம்பளைங்கல்லாம் என்னையப் பாத்துப் பொறாமப்படுறானுங்கக்கா, பேசாத பொண்டாட்டியாம்" என்று புருஷன் படியில் நின்று சொன்னான். சொன்னவனுக்கே சிரிப்பு வரவில்லை. ஸ்டுடியோவில் நாலைந்து பெண்களை வரவழைத்துப் பார்த்தார்கள். ஒருத்தி குரல் மூக்கில் வந்தது, ஒருத்தி சினிமாக் கதாநாயகி மாதிரி கொஞ்சினாள். இதற்குள் காலாண்டு விடுமுறை நெருங்கிவிட்டது. விடுமுறைக்கென்று ஏகப்பட்ட கதைகளைச் சேனல் அனுப்பி வைத்திருந்தது.

ஒரு சாயங்காலம் மாடியிலிருந்து குண்டூசியின் குரல் கேட்டது. எனக்கு வந்த கோபத்தில் அடுப்பை அணைத்துவிட்டுப் படியேறி ஓடினேன். "ஏண்டி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா, பேசாதன்னா..." என்று கத்திக்கொண்டே உள்ளே போனால், அவள் கட்டிலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். பேசியது மகள். அம்மாவைச் சிரிக்கவைக்க, தலையணையைத் தலையில் கட்டிக்கொண்டு குண்டூசி மாதிரி குதித்துக்கொண்டிருந்தாள். அதே குரல், அதே இழுப்பு. என் உடம்பு சிலிர்த்துப் போனது. வாசலில் நின்ற புருஷன் சிரிக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு இவளக் கூட்டிட்டுப் போறேன்," என்றான்.

குண்டூசி கட்டிலிலிருந்து இறங்கிவிட்டாள். கையைத் தட்டினாள், தலையை ஆட்டினாள், சுவரைக் குத்தினாள். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் என்னை இழுத்து முன்னால் நிறுத்தி என் தொண்டையைக் காட்டினாள். சிகரெட் பெட்டியில் படம் போடுகிற மாதிரி என்னைப் போட்டுக் காட்டுகிறாள், என்ன செய்ய!

"அக்கா காலம் வேற," என்றான் அவன். "அப்ப யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நாம பாத்துப் பதமா நடத்துவோம். கத்தலக் கடைசியா எடுக்கச் சொல்றேன். போதுமா? நீ எந்திரிச்சு வர்ற வரைக்குந்தான். அதுக்குள்ள இன்னொருத்தி உள்ள பூந்துட்டா அப்புறம் நம்ம பொழப்பு என்னத்துக்கு ஆகும்? நீயே சொல்லு."

அவளால் எப்படிச் சொல்ல முடியும்?

மகள் மைக் முன்னால் ஒரு முக்காலியில் ஏறி நின்றாள். முதல் நாள் வயிறு கத்தி மூன்று தடவை நிறுத்தினார்கள். மூன்று தடவையும் எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஒரு வாரம் அம்மா மாதிரியே பேசினாள். பிறகு தனக்கே தெரியாமல் விலக ஆரம்பித்தாள். அம்மாவின் குண்டூசி வாய்விட்டு "ஹா ஹா" என்று சிரிப்பான். இவளுடைய குண்டூசி மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சிரித்தான். முடிவில் ஒரு விக்கல் விழும். பொய் சொல்வதற்கு முன்னால் எச்சில் விழுங்குவான். யாரும் சொல்லித் தரவில்லை, அவள் பொய் சொல்கிற விதமே அதுதான் போலிருக்கிறது. சேனல்காரம்மா தலைமை அலுவலகத்திலிருந்து போன் செய்து, அந்த விக்கல் பிரமாதம், அதை விடவேண்டாம் என்று சொன்னார். டைரக்டர் பத்து பேரிடம் அதைத் திரும்பச் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் சேதி பரவியது. ஒருநாள் சாயங்காலம் மகள் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் நனைத்துக்கொண்டே சொன்னாள்.

"பெரியம்மா, இன்னிக்கு எச்.எம். ரூமுக்குக் கூப்பிட்டாங்க."

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணும் பண்ணல. அவங்க பேரன் வந்திருந்தான். அவன்கூடப் பேசச் சொன்னாங்க. கணக்கு டீச்சர் இருக்காங்கல்ல, எம் பேரே தெரியாது அவங்களுக்கு, 'ஏய் கடைசி பெஞ்சு'ன்னுதான் கூப்பிடுவாங்க. இன்னிக்கு அவங்க என் தோள்ல கை போட்டுட்டு நின்னாங்க."

ரொட்டி டீயில் விழுந்து கரைந்துபோனதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தாள். அத்தனை பேச்சு அவளிடம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கத்தலில்தான் கோளாறு வந்தது. பத்து மணிக்குப் பள்ளிக்கூடம். காலையில் வந்து பேசி முடிக்கவே நேரம் சரியாகிவிடும், கத்துவதற்குச் சாயங்காலம் திரும்ப வர வேண்டும். சாயங்காலம் ஸ்டுடியோ வேறு ஆளுக்கு. அப்பன் மூளையைக் கசக்கினான். "தூங்கி எந்திரிச்ச தொண்ட, பளிச்சுன்னு இருக்கும். கத்தலக் காலைல மொத்தமா எடுத்துருவோம். நாலு கதைக்கும் சேத்து ஒரே மூச்சுல." டைரக்டர் என்னைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"நான் என்ன சொல்றது? எருமை மாதிரி கத்திச் சொன்னாலும் உங்க காதுல ஏறுமா? பச்சத் தொண்டைய எடுத்தவுடனே கத்த விட்டா அது பிஞ்சு போகும் சார். எனக்கு அப்படித்தான் போச்சு."

"கொஞ்ச நாளைக்குத்தானேம்மா," என்று அவர் பேப்பரைப் புரட்டினார்.

கொஞ்ச நாளில் மகள் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தலையை ஆட்டுவாள், கையைக் காட்டுவாள். அம்மாவுக்கு மரியாதை செய்கிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் சோறு போடும்போது குழம்புச் சட்டி காலில் சாய்ந்து அவள் "அம்மா!" என்று கத்தினாள். வந்தது அவள் குரல் இல்லை. துரு ஏறிய கீல் மாதிரி ஒரு சத்தம். குண்டூசி கரண்டியைக் கீழே போட்டாள். மகளின் வாயைத் திறந்து உள்ளே பார்த்தாள். பார்த்து என்ன தெரியப்போகிறது அவளுக்கு? ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒன்றரை மாதம் முடிந்து டாக்டர் பேசலாம் என்றார். மெதுவாக, அளவாக என்று ஆயிரம் நிபந்தனை. வீட்டுக்கு வந்து அவள் சொன்ன முதல் வார்த்தை "போதும்டி." நானும் அங்கேதான் இருந்தேன். குரல் கொஞ்சம் அடியில் கிடந்தது, ஆனால் அவள் குரல்தான்.

"போதும்டி. நாளைலேருந்து நீ ஸ்கூலுக்கு மட்டும் போ. நான் பாத்துக்கறேன்."

"ஏன்?" என்றாள் மகள்.

"ஏன்னா என்னடி கேள்வி? உன் தொண்ட என்ன நெலமைல இருக்கு தெரியுமா?"

"உனக்குந்தான் அப்படி இருந்துச்சு. நீ நிறுத்துனியா?"

"எனக்கு வேற என்ன வேலை தெரியும்?"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்? கணக்குல பன்னெண்டு மார்க்கு. கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு இருந்தேம்மா. இப்ப எல்லாரும் என்னையச் சுத்தி உக்காந்து சாப்பிடுறாங்க. அது உனக்குத் தெரியுமா?"

"பெரியம்மாவப் பாருடி. அவங்க மாதிரி ஆகணுமா?"

"எப்பப் பாத்தாலும் பெரியம்மாவையே காட்டாத. அவங்களுக்குச் சொல்லித்தர ஆளு இல்ல. எனக்கு நீ இருக்கல்ல? எப்படிக் கத்தணும்னு சொல்லித் தாயேன். மாட்ட. ஏன்னா உனக்குப் பொறாமை."

குண்டூசி அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. புருஷன் நடுவில் வந்தான்.

"எதுக்கு இப்ப ரெண்டு பேரும் மல்லுக்கு நிக்கிறீங்க? வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்லுவாங்க. ரெண்டு வாய் இருக்கு, நல்லதுதானே? ஒரு வருஷம் ஸ்கூலுக்குப் போகலன்னா குடி முழுகிப் போயிடுமா?"

"தம்பி, அந்த வாய் ஒழுங்கா இருந்தாத்தான் பிழைக்கும்," என்றேன். "உனக்கென்னப்பா, வெந்நீர்க் குப்பி தூக்குறவன். யார் கத்தினா என்ன!"

அவன் முகம் சுருங்கிப்போனது. சுருங்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை. தொண்டையைப் பற்றி அம்மா சொன்னது சத்தியம். பொறாமை என்று மகள் சொன்னதும் பொய்யென்று சொல்ல மாட்டேன். டைரக்டரிடம் போனார்கள். அடுத்து வருகிற இரண்டு வருஷத்துக் கதைகளுக்கும் ஒரே குரல்தான் வேண்டும் என்று சேனல் கறாராகச் சொல்லியிருந்தது. தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நான் எப்படி முடிவு சொல்வது என்று அவர் கையை விரித்துவிட்டார். "ரெண்டு பேரும் ஒரே பக்கத்தப் பேசுங்க. பேர் போடாம ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு அனுப்பிடறேன். அவங்க காது என்ன சொல்லுதோ சொல்லட்டும். எனக்கு எதுக்கு இந்தப் பாவம்?"

அன்றைக்கு நல்ல வெயில். கொட்டகைக்குள் அடுப்பில் வைத்த மாதிரி இருந்தது. வெளியே படியில் அப்பன் மகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான்.

"விக்கல் கிக்கல்னு உன் இஷ்டத்துக்கு எதையும் போடாத. இத்தன வருஷமா சனங்க கேட்டது அம்மா குரல். அதான் ஒரிஜினல். அப்படியே அம்மா மாதிரி பண்ணு, ஒரு புள்ளி பிசகாம. நீதான்னு யாருக்கும் சந்தேகமே வரக்கூடாது."

மகள் தலையை ஆட்டினாள். மக்கு, மடையன் என்று மனசுக்குள் நான் அவனைத் திட்டினேன். ஆனால் நான் யார் பக்கமும் பேசக்கூடாது என்று இருந்தேன்.

முதலில் மகள். பதில் வசனம் பேச நான் எருமையாகப் பக்கத்தில் நின்றேன். மிச்சமிருந்த தொண்டையையெல்லாம் திரட்டி, பிள்ளை அச்சாக அம்மா மாதிரியே பேசினாள். அந்த இழுப்பு, அந்த "ஹா ஹா." கண்ணை மூடிக்கொண்டால் பக்கத்தில் அவள் அம்மாதான் நிற்கிறாள். கத்தலும் அம்மாவுடையதுதான், அடிவயிற்றிலிருந்து. முடித்துவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போய் அப்பன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

அடுத்து குண்டூசி. வளையலைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்தாள். விளக்கு எரிந்தது. முதல் வரியிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொல்வதற்கு முன்னால் எச்சில் விழுங்கினாள். சிரிப்பு வந்த இடத்தில் மூச்சை உள்ளே இழுத்தாள், முடிவில் விக்கல் விழுந்தது. ஒன்றரை மாதம் வாயை மூடிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவள், மகளின் ஒவ்வொரு மூச்சையும் பாடம் பண்ணி வைத்திருக்கிறாள். நாற்பது வயதுத் தொண்டையை நெரித்து நெரித்துப் பன்னிரண்டு வயதாக்கினாள். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றதைப் பக்கத்தில் நின்று பார்த்த எனக்கே வலித்தது.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மகள் எழுந்து நின்றுவிட்டாள். "அது என்னோடது" என்று வாய் அசைந்தது. எங்களுக்குச் சத்தம் கேட்காது.

நாலு நாள் கழித்துப் போன் வந்தது. எல்லோரும் கொட்டகை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். டைரக்டர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். சமயம் சந்தர்ப்பம் தெரியாத சிரிப்பு.

"ரெண்டாம் நம்பராம்! அதான் நிஜக் குழந்தையாம், விக்கல் இருக்காம். ஒண்ணாம் நம்பர் நல்லாத்தான் இருக்காம், ஆனா வயசு தெரியுதாம். யாரோ பெரிய பொம்பள குழந்த மாதிரி பேச முயற்சி பண்றாங்க, பாவம்னு சொன்னாங்க."

சவுண்டு பார்க்கிற பையன் களுக்கென்று சிரித்துவிட்டான். வேறு யாரும் சிரிக்கவில்லை. மகள் கிளாஸைக் கீழே வைத்தாள். அம்மாவை ஒருதரம் பார்த்தாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். அன்றோடு அம்மாவிடம் பேச்சை நிறுத்தினாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி பிழிந்துகொண்டிருந்தோம். போர்வையின் ஒரு முனையை அவள் பிடித்திருந்தாள், மறுமுனையை நான்.

"அக்கா, நான் பண்ணது தப்பா?"

"பொண்ணு தொண்டையக் காப்பாத்தின. பெத்தவ அதைத்தான் செய்யணும். அதுல என்ன தப்பு?"

"அப்படி நெனச்சுட்டுத்தான்கா உள்ள போனேன். அவ தொண்டைக்காகத்தான், சத்தியமா. ஆனா அன்னிக்கு அந்த ஆளு ரெண்டாம் நம்பர்னு சொன்னாரு பாருங்க, அப்ப அவ தொண்ட எனக்கு ஞாபகத்துக்கே வரல. ஜெயிச்சுட்டேன்னு இருந்துச்சு. உள்ளுக்குள்ள குதிச்சேன்கா. பன்னெண்டு வயசுப் புள்ளைய, அது வாயில இருந்தத எடுத்தே ஜெயிச்சுட்டுக் குதிச்சிருக்கேன். நான்லாம் ஒரு தாயா?"

தாயாக இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வருமா என்று சொல்லியிருக்கலாம். அப்படியெல்லாம் அந்த நேரத்தில் எங்கே தோன்றுகிறது! போர்வையை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினேன். தண்ணீர் எங்கள் காலில் ஒழுகியது.

பள்ளிக்கூடத்தில் மகள் பட்டதுதான் கொடுமை. இப்போது பேசுவது அம்மா, தான் இல்லை என்று உண்மையைச் சொன்னாள். டிவியில்தான் அவளுடைய விக்கல் தினமும் சாயங்காலம் கேட்கிறதே! "அப்ப டிவில பேசுறது உங்க அம்மான்னா, முன்னாடி பேசினதும் அவங்கதான். நீ எப்பவும் பேசவே இல்ல, புளுகிணி" என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிட்டார்கள். பேசிக் காட்டச் சொன்னார்களாம். தொண்டை அப்போது தேறிக்கொண்டுதான் இருந்தது, சரியாக வரவில்லை. இதை எனக்குச் சொன்னது அவள் அப்பன். அவளாகச் சொல்லவில்லை. என் வீட்டு வாசலுக்கு ரொட்டி தின்ன வருவதையும் நிறுத்திவிட்டாள். கணக்கு டீச்சருக்குத் திரும்பவும் அவள் பெயர் மறந்துபோனதோ என்னவோ.

குண்டூசி தினமும் மகளுடைய குரலில் பேசினாள். தன் குரலில் பேசியிருந்தால் இன்னும் சில வருஷம் தாங்கியிருக்கும். அந்தச் சின்னக் குரலுக்கு ஏற ஏறத் தொண்டை அறுத்தது. கதை முடிந்து கத்தலும் முடிந்தபின் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வீட்டில் புருஷனோடு வாய் கொடுக்க மாட்டாள். இருக்கிற கொஞ்சத்தையும் மைக்குக்கு வைத்துக்கொள்வாள். ஒருநாள் எச்சிலில் சிவப்பாக ஒரு கோடு வந்தது. என்னிடம் காட்டிவிட்டு வாயைக் கொப்பளித்தாள்.

"விட்டுடேண்டி," என்றேன்.

"நான் விட்டா அவ வருவா," என்றாள்.

டாக்டர் இந்தமுறை கோபப்படக்கூட இல்லை. நேரே ஆபரேஷன். இனிமேல் எப்போது பேசலாம் என்பதை அவரே பார்த்துச் சொல்வார். அதுவரை ஒரு முனகல்கூடக் கூடாது, புண் ஆறுவதற்குள் வாயைத் திறந்தால் ஆயுசுக்கும் ஊமைதான் என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாம் நாள், நல்ல மழையில் டைரக்டர் குடையும் ஆரஞ்சுப் பழமுமாக மாடி ஏறி வந்தார். நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். குண்டூசி கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கழுத்தைச் சுற்றித் துணி. அவர் பழத்தை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். உடம்பு எப்படி, தூக்கம் வருகிறதா என்று கேட்டார். பதில் சொல்ல முடியாதவளிடம் கேள்வி கேட்கிறோம் என்று பாதியில் உறைத்திருக்க வேண்டும், புருஷன் பக்கம் திரும்பினார்.

"சேனல்ல அவசரப்படுத்துறாங்க. பதிமூணு கதை பாதில நிக்குது. வேற யார் குரலும் அந்த விக்கலுக்குச் சரிப்பட்டு வரல. நான் என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க."

புருஷன் மனைவியைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தான்.

"பாப்பா ஸ்கூல்லேருந்து வர்ற நேரந்தான்," என்றான்.

குண்டூசி என்னைப் பார்த்தாள். நான் டைரக்டரிடம், "உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா சார்? ஒரு தொண்டைய அறுத்துப் போட்டாச்சு, இன்னும் புண்ணு கூட ஆறல. அதுக்குள்ள அடுத்த தொண்டையா?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தாரே தவிர எழுந்து போகவில்லை.

மகள் நனைந்தபடி வந்தாள். வாசலில் நின்று டைரக்டரைப் பார்த்தாள், ஆரஞ்சைப் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடப் பையைக் கழற்றி மூலையில் வைத்தாள்.

"எப்ப வரணும் சார்?"

"மழ நின்னவுடனே ஆரம்பிச்சுடலாம்மா. வண்டி கீழதான் நிக்குது."

"பள்ளிக்கூடம் கெடும்னு அம்மா சொல்லும்," என்று அப்பன் ஒப்புக்கு இழுத்தான்.

"நான் இனிமே ஸ்கூலுக்குப் போகல," என்றாள் மகள்.

துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள். குண்டூசி கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டாள். நான் பிடிப்பதற்குள் எழுந்து நின்று, வாசலுக்குத் திரும்பிய மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். மகள் கையை உதறவில்லை. அப்படியே நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். குண்டூசியின் வாய் திறந்தது. கழுத்துத் துணிக்குக் கீழே எதுவோ அசைந்தது.

மகள் மறு கையால் அந்த வாயைப் பொத்தினாள்.

"பேசாதம்மா," என்றாள். "டாக்டர் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காருல்ல."

அம்மாவிடம் அவள் பேசி நாலு மாதம் ஆகியிருந்தது. மணிக்கட்டிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு, படியிறங்கிப் போனாள்.